நாலு மணித் தீயும் நான்கு பொன்னாடைகளும்

கொள்ளிடக் கரையில், நாணல் புதருக்கு நடுவே, ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கையில் தீப்பெட்டி.

முந்தின நாள் கோடை மழை பெய்திருந்ததால் நாணல் எல்லாம் நனைந்து கிடந்தது. அவர் குச்சியை உரசுவார். அது சீறும், புகையும், அணையும். அடுத்த குச்சி. காலடியில் கருகிய குச்சிகள் ஒரு கைப்பிடி கிடந்தன.

அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நாங்கள் நான்கு பேர் சீருடையில், குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தோம். அணைக்க வந்த எங்களுக்கு அணைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். பதறவில்லை. ஓடவில்லை. சமையல் முடிவதற்குள் விருந்தாளி வந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு சங்கடம் வருமே, அதுதான் முகத்தில் தெரிந்தது.

“அதுக்குள்ள வந்துட்டீங்களா? இன்னும் பத்தவே இல்லையே சார்” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினால், எங்கள் டிரைவர் ஆரோக்கியசாமி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

தொப்பி பறந்த கதை

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுக் கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தீயணைப்புத் துறையில் இருந்தவர் இப்படி எதற்கெடுத்தாலும் சிரித்தேன், சிரித்தேன் என்று எழுதலாமா என்பது அவருடைய கேள்வி.

அம்மா, தீயைப் பார்த்து நான் சிரித்ததே இல்லை. அழுதிருக்கிறேன். தீயைச் சுற்றி மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறார்கள்.

பயிற்சிக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. ஆய்வுக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி குழாயின் வாய்க்கு நேராகக் குனிந்து, இதில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்டார். வந்தது. அவருடைய தொப்பி மைதானத்தின் மறுகோடியில் போய் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கல்லாய் நிற்க, நான் ஒருவன் மட்டும் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று தண்டனை கொடுத்தார்கள். ஓடும்போதும் தொப்பி ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேதான் ஓடினேன்.

ஆனால் அன்று கொள்ளிடக் கரையில் நான் சிரித்திருக்கக் கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் செல்வியின் கொட்டகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செல்வியின் கொட்டகை

சில கோடைகளுக்கு முன்னால் ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு நிலையத்துக்கு என்னை மாற்றியிருந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கள் வண்டி அதிகமாகப் போகும் இடம் கொள்ளிடக் கரைதான். வெயில் ஏறினால் நாணல் காய்ந்து சருகாகிவிடும். பொறி பட்டால் போதும்.

பொறி தானாகவா வரும்? பாம்பை விரட்டக் கொளுத்துகிறவர் ஒருவர். குப்பையைக் கொட்டிவிட்டு, கொட்டியதை மறைக்கக் கொளுத்துகிறவர் ஒருவர். புதரில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டு, எழுந்து போகும்போது சும்மா விளையாட்டுக்கு வைத்துவிட்டுப் போகிற கூட்டம் ஒன்று. எல்லாமே வேண்டுமென்றே வைத்த தீ.

அந்த நாணலை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதுதான் செல்வியின் இடம். நாற்பது வயது இருக்கும். வாழை மட்டையை வெயிலில் காயவைத்துக் கிழித்து நாராக்கி, கட்டுக் கட்டாகப் பூக்கடைகளுக்குக் கொடுப்பார். கூட நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். ஆடி மாதத்துப் பூ வியாபாரத்துக்காகக் கோடையிலேயே நாரைச் சேர்த்து வைப்பார்கள். கூரை முட்ட அடுக்கியிருக்கும். காய்ந்த வாழை நார் எப்படிப் பற்றும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் போனபோதே செல்வி என்னிடம் கேட்டார்.

“சார், நீங்க வந்து அணைக்கிறீங்க, சந்தோஷம். பத்தாம இருக்கறதுக்கு என்ன வழி? ஒரு நாள் நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்தா நாங்க அஞ்சு பேரும் நடுத்தெருதான்.”

தீயை அணைக்கத்தான் எனக்குத் தெரியும். வைக்காமல் இருக்கச் செய்ய ஊரால்தான் முடியும் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது தோன்றியது. அப்படித்தான் எங்கள் கரைக் காவல் குழு பிறந்தது.

ஜமால் பாயின் யோசனை

குழுவுக்குத் தலைவர் சேஷாத்ரி ஸ்வாமி. கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர், தெருவில் எல்லாருக்கும் வேண்டியவர், பேச ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாதவர். பொருளுதவிக்கு ஜமால் பாய். மலைக்கோட்டைக்குக் கீழே பஜார் சந்தில் துணிக்கடை வைத்திருப்பவர். மாடிப்படி முழுக்கத் துணி மூட்டையை அடுக்கி வைத்திருந்ததற்காக ஒரு தடவை நான் அவரிடம் சத்தம் போட்டேன். மறுநாள் படியைக் காலி செய்து, அதில் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். அன்றிலிருந்து சிநேகிதர்.

குழு நன்றாகவே வேலை செய்தது. குப்பை வண்டி கரை வரைக்கும் வர ஏற்பாடு ஆனது. சீட்டாடும் கூட்டத்தின் வீடுகளுக்கு சேஷாத்ரி ஸ்வாமி நேரில் போய் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார். அவர் மறுபடி வந்துவிடுவாரோ என்ற பயத்திலேயே அவர்கள் கரைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். தீ பாதியாகக் குறைந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நாம் எந்த ஊர்க்காரர்கள்? பொன்னாடை இல்லாமல் நமக்கு ஒரு காரியம் முழுமை பெறுமா?

தெருவில் குழாய் திறந்தால் பொன்னாடை, அதே குழாயை ரிப்பேர் செய்தால் அதற்கும் பொன்னாடை. எனக்கு வந்த பொன்னாடைகளை எல்லாம் என் மனைவி தலையணை உறையாகத் தைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் தங்கும் விருந்தாளிகள் காலையில் கன்னத்தில் ஜரிகைக் கோட்டோடு எழுந்திருப்பார்கள்.

“தீயப் பாத்ததும் மொதல்ல போன் பண்றவங்களுக்கு ஒரு பொன்னாடை போத்துவோம் சார். போட்டோ எடுத்து குரூப்ல போடுவோம். ஜனங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும். நம்ம கடையிலயே ஒரு கட்டு இருக்கு, இன்ஷா அல்லாஹ் நாளைக்கே அனுப்பிடுறேன்” என்றார் ஜமால் பாய்.

“பேஷான யோசனை” என்றார் சேஷாத்ரி ஸ்வாமி. எனக்கும் பிரமாதமாகப் பட்டது. செல்வி மட்டும் நார் கிழிப்பதை நிறுத்திவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி கிழிக்க ஆரம்பித்தார்.

கோவிந்தராஜ் வருகிறார்

முதல் பொன்னாடை வாங்கியவர் கோவிந்தராஜ். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, கரையோரத் தெருவில் மகள் வீட்டோடு வந்திருந்தார். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர் புகையைப் பார்த்து எங்களுக்கு போன் செய்தார். வண்டி போனதும் தெருமுனையில் நின்று கையை நீட்டி வழி காட்டினார். அணைத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்தினோம்.

அன்று அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. “என் ரிடையர்மெண்ட் அன்னிக்கு நிறைய பேருக்கு ஒண்ணா விழா வச்சாங்க. வரிசையில நான் கடைசி. என்கிட்ட வரும்போது பொன்னாடை தீந்துபோச்சு. பக்கத்துல நின்னவரோடதை வாங்கி எனக்குப் போத்தி போட்டோ எடுத்துட்டு, திரும்ப அவருக்கே குடுத்துட்டாங்க.”

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பத்து நாள் கழித்து அதே கரையில் தீ. நாலு மணி. போன் செய்தவர் கோவிந்தராஜ். இரண்டாவது பொன்னாடை. அடுத்த வாரம் அதே நாலு மணி, அதே கோவிந்தராஜ், மூன்றாவது பொன்னாடை. “கோவிந்தராஜ் ஸ்வாமிக்கு கருட பார்வை, பெருமாள் அனுக்ரஹம்” என்று சேஷாத்ரி ஸ்வாமி முக்கால் மணி நேரம் பாராட்டினார். குறைந்திருந்த தீ மறுபடியும் கூடுகிறதே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பொன்னாடைத் திட்டம் அமோகமாக நடக்கிறது என்ற பூரிப்பில் இருந்தோம்.

பொன்னாடையில் பொத்தல்

நாலாவது தடவை வந்தது வினை. அன்று திருவிழா. தெரு முழுக்கக் கூட்டம். சைரன் அடித்தும் வண்டியை நகர்த்த முடியாமல் ஆரோக்கியசாமி ஸ்டீயரிங்கில் குத்திக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கால் மணியில் போய்ச் சேருகிற இடத்துக்கு அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

நாங்கள் போனபோது தீ செல்வியின் வேலியைப் பிடித்துவிட்டது. கொட்டகைக்கும் அதற்கும் நான்கு முழத் தூரம்தான். ஐந்து பெண்களும் குடத்துத் தண்ணீரை வீசிக்கொண்டிருந்தார்கள். வேலியோரத்தில் கோவிந்தராஜ், தன் பொன்னாடையைத் தண்ணீரில் முக்கி, வெறிபிடித்தவர் போலத் தீயை அடித்துக்கொண்டிருந்தார். பொறி பட்டுப் பொன்னாடையில் பொத்தல் விழுந்திருந்தது. முழங்கை வரை கரி. இருமி இருமிக் கண் சிவந்திருந்தது. நாங்கள் தண்ணீர் பாய்ச்சி ஐந்து நிமிஷத்தில் முடித்தோம். வேலி போயிற்று. கொட்டகை தப்பியது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவருடைய வீரத்தைப் பாராட்டிப் பெரிய பொன்னாடையாக ஒன்று போர்த்தினோம். ஜமால் பாய் கடையிலேயே உயர்ந்த ரகம், நான்கு விரல் அகல ஜரிகை. கோவிந்தராஜ் அன்று தலையைக் குனிந்தபடியே நின்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

விழா முடிந்து செல்வி என்னிடம் வந்தார்.

“சார், இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நான் கொட்டகையப் பிரிச்சிடுவேன். வேற எடம் எங்கயும் கெடைக்கல. தொழிலயே விட்டுட வேண்டியதுதான். இதுங்க நாலு பேருக்கும் நான் என்ன பதில் சொல்றது?”

அடுத்த சனிக்கிழமை தெருவில் ஒரு தீ ஒத்திகை நடத்துவோம், எல்லாரும் வாளியோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடியும் நாணலுக்குள்

அந்தச் சனிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன சம்பவம் நடந்தது. ஒத்திகைக்காக எங்கள் வண்டி கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நின்றது. நாலு மணிக்கு நிலையத்திலிருந்து போன் வந்தது. கொள்ளிடக் கரையில் தீ என்று கோவிந்தராஜ் சொல்கிறாராம். வண்டி நகர்வதற்குள் இடம் வந்துவிட்டது. புகையே இல்லை. குழாயைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போனால், பெரியவர் குச்சி உரசிக்கொண்டிருக்கிறார்.

முதலில் போன் செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் தீ வைப்பாராம். அதுதான் அவர் பழக்கம். ஒத்திகைக்காக வண்டி முன்கூட்டியே வந்து பக்கத்தில் நின்றது அவருக்குத் தெரியாது.

சிரித்து ஓய்ந்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. கையைப் பிடித்து எழுப்பிக் கொட்டகைக்கு அழைத்து வந்தேன். தகவல் தெரிந்து சேஷாத்ரி ஸ்வாமி ஓடிவந்தார். செல்வி ஒரு முக்காலியைப் போட்டு கோவிந்தராஜை உட்காரச் சொன்னார்.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல பொன்னாடைக்காகத்தான் சார். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அது இல்ல. வீட்டுல காலையில எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போயிடுவாங்க. சாயந்தரம் வரைக்கும் என்கிட்ட பேசறதுக்கு ஆளு கிடையாது. நீங்க வண்டியிலேருந்து குதிச்சு, ‘ஐயா, எங்க, எந்தப் பக்கம்’னு என்னைக் கேப்பீங்களே. அதுக்காக சார்.”

“செல்வி கொட்டகை எரிஞ்சிருந்தா?”

“அதுக்குத்தான் முன்னாடியே போன் பண்ணிடுவேன். உங்களுக்குக் கால் மணி ஆகும்னு கணக்கு. அன்னிக்குத் திருவிழாவ மறந்துட்டேன்.” கையிலிருந்த தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பொன்னாடை தீர்ந்துபோன கதையைச் சொன்னபோது கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். அது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

காவல் நிலையத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் அவர்கள் செல்வியிடம் புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். எரிய இருந்தது அவருடைய கொட்டகை, முடிவும் அவருடையதுதான்.

செல்வி எரிந்த வேலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோவிந்தராஜைப் பார்த்துச் சொன்னார்.

“புகார் வேணாம். எரிஞ்ச வேலியக் கட்டிக் குடுங்க. நாணலுக்கும் கொட்டகைக்கும் நடுவுல இருபதடிக்குப் புல்லு பூண்டு இல்லாம நீங்க செதுக்கணும், இந்தக் குழுல இருக்கறவங்களும் சேந்து செதுக்கணும். பொன்னாடை போத்துன ஆளுங்கதானே எல்லாரும்.”

சேஷாத்ரி ஸ்வாமி திடுக்கிட்டு, “அடியேனுமா?” என்றார்.

“ஆமா சாமி, நீங்களும்தான்” என்றார் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நாலு மணிக்கு போன் பண்ணாம இவரால இருக்க முடியாது. பண்ணட்டும். தினம் கரையச் சுத்திப் பாத்துட்டு, தீ இல்லன்னு போன் பண்ணட்டும்.”

தீ இல்லை

அடுத்த வாரம் முழுக்கச் செதுக்கினோம். ஜமால் பாய் லுங்கியோடு வந்தார். சேஷாத்ரி ஸ்வாமி மண்வெட்டியைப் பிடித்தபடி நாணலின் குணங்களைப் பற்றிப் பேசினார். கோவிந்தராஜ் தலை நிமிராமல் வெட்டினார். பொன்னாடைத் திட்டத்தை அன்றே கைவிட்டோம். அவர் வாங்கிய நான்கையும் மடித்துக் கொண்டுவந்து செல்வியிடம் கொடுத்துவிட்டார். செல்வி அவற்றைத் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார், அவசரத்துக்கு நனைத்து அடிக்க.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்கு எங்கள் நிலையத்தில் போன் அடிக்கும். “சார், கோவிந்தராஜ் பேசறேன். தீ இல்ல.” யார் எடுத்தாலும், “நல்லதுங்க ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார்கள். நாளடைவில் அந்தப் பேச்சு கால் மணி நேரம் நீண்டது. ஆரோக்கியசாமிக்கு முழங்கால் வலிக்கு எண்ணெய் சொன்னதே அவர்தான். கரையைச் சுற்றிவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து நார் கிழிக்கவும் பழகிக்கொண்டார். கோணல் மாணலாகக் கிழிக்கிறார் என்று செல்வி என்னிடம் புகார் சொன்னார்.

ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு நாள் நாலு மணி ஆயிற்று. போன் வரவில்லை.

நாலே கால். எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோல போன் மேஜைப் பக்கம் வந்து நின்றார்கள். நாங்கள் போட்ட அழைப்புக்கும் பதில் இல்லை. செல்வியும் எடுக்கவில்லை. நாலரை ஆனபோது நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆரோக்கியசாமி வண்டியில் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டிருந்தார். நான் அவரை அனுப்பவில்லை. ஆனால் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மற்ற இருவரும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். சைரன் அடித்துக்கொண்டே போனோம். வழியெல்லாம் கரைப்பக்கம் புகை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கொட்டகை பத்திரமாக நின்றது. செல்வி நார்க்கட்டோடு பூக்கடைக்குப் போயிருந்தார். உள்ளே கோவிந்தராஜ் முக்காலியில் உட்கார்ந்து, பிரித்துப்போட்ட செல்போனைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது உள்ளே விழுந்துவிட்டதாம்.

நாங்கள் நான்கு பேரும் வண்டியிலிருந்து குதித்து ஓடிவருவதைப் பார்த்து அவர் எழுந்து நின்றார்.

“என்ன சார், எங்க தீ? எந்தப் பக்கம்?” என்றார்.

“தீ இல்லைங்க. உங்க போன் வரல. அதான் வந்தோம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு டிரம்முக்குப் பக்கத்தில் தொங்கிய பொத்தல் விழுந்த பொன்னாடையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆரோக்கியசாமி முழங்கால் வலியோடு போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஒரு சிக்கல். வண்டி வெளியே போனால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. கடைசியில் நடந்ததையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: “அழைப்பு வராததால் வண்டி புறப்பட்டது.”